தொலைந்த பாக்கெட்டுக்கு யார் பொறுப்பு? கிளைகளை இணைக்க மூன்று வழிகள்

நகைக்கடன் நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் மூன்று கொட்டேஷன்களை மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். தலைமை அலுவலகம் திருச்சியில். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம், புதுக்கோட்டை, காரைக்குடி என்று 11 கிளைகள். கணக்கு மென்பொருள் ஓடும் சர்வர் திருச்சியில் இருக்கிறது. கிளைகளில் போடும் ஒவ்வொரு பதிவும் அங்கே வந்து சேர வேண்டும். ஐபி போன் வேண்டும். கிளைகளின் கேமராக்களைத் திருச்சியில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முதல் கொட்டேஷனில் கிளைக்கு 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். இரண்டாவதில் எம்பிஎல்எஸ் விபிஎன், கிளைக்கு 4 எம்பிபிஎஸ். மூன்றாவதில் கிளைக்கு இரண்டு பிராட்பேண்ட் இணைப்பு, நடுவில் ஒரு எஸ்டி-வான் பெட்டி. அதில் வேகம் ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்று போட்டிருந்தது, மாத வாடகையும் மற்ற இரண்டைவிடக் குறைவு.

“25 மடங்கு வேகம், காசும் கம்மி. அப்புறம் எதுக்கு மத்த ரெண்டையும் இன்னும் விக்கிறாங்க?” என்றார்.

நியாயமான கேள்விதான். பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். மன்னார்குடியிலிருந்து கிளம்பிய பாக்கெட், அதாவது செய்தியின் ஒரு சிறு துண்டு, வழியில் தொலைந்துபோனால் யார் கவனிக்க வேண்டும்? லைன் கொடுத்தவரா, நீங்களா? தொலைதூர வலையமைப்புகளை, அதாவது வான் என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அவற்றை எல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பிரித்துவிடலாம். (பெயரில் வான் இருந்தாலும் பெரும்பாலும் மண்ணுக்குள்தான் ஓடுகிறது.)

லீஸ்டு லைனை முதலில் ஒதுக்கிவிடலாம். பழைய முறையில் அது இரண்டு இடங்களுக்கு நடுவே உங்களுக்கென்றே ஒதுக்கிய பாதை. 2 எம்பிபிஎஸ் என்று சொல்வது உண்மையில் 2.048, அதாவது 64 கேபிபிஎஸ் அளவுள்ள 32 அறைகள். வேறு யாரும் உள்ளே வரமாட்டார்கள், அதனால் நெரிசல் கிடையாது. ஆனால் கடை மூடியபின் ராத்திரி முழுக்க லைன் சும்மா கிடக்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். கிளைக்குக் கிளை நேராகப் பேச வேண்டுமென்றால், திருச்சியையும் சேர்த்து 12 இடங்களுக்கு 66 லைன்கள் வேண்டும். அதை யாரும் வாங்கமாட்டார்கள். எல்லாக் கிளையும் திருச்சிக்கு ஒரு லைன் போட்டுக்கொள்ளும். கும்பகோணத்திலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் தஞ்சாவூருக்குப் பேசினாலும் குரல் திருச்சி போய்த்தான் திரும்பும். அந்தச் சுற்று பெரிய தாமதம் ஆகாது. ஃபைபரில் 100 கிலோமீட்டருக்கு அரை மில்லி விநாடிதான். ஆனால் திருச்சியில் கரண்ட் போனால் 11 கிளையும் ஒன்றுக்கொன்று ஊமை.

இந்த ‘சும்மா கிடக்கும் பாதை’ பிரச்சினைக்கு விடையாக அமைந்தது பாக்கெட் முறை. 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டு, ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுது, எல்லோருடைய துண்டுகளையும் ஒரே பாதையில் கலந்து அனுப்பு. பாக்கெட் என்ற பெயர் டேவிஸ் வைத்தது. எல்லாக் கிளையும் ஒரே நொடியில் பேசுவதில்லை என்கிற நம்பிக்கைதான் இதன் பொருளாதாரம். வங்கி ஓடுவதும் கிட்டத்தட்ட இந்த நம்பிக்கையில்தான். எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டுக்கும் பொதுவான பயம்.

அந்த பயத்தை யார் சுமப்பது என்பதில்தான் ஒவ்வொரு தொழில்நுட்பமும் ஒவ்வொரு பதில் சொன்னது. நண்பரின் கொட்டேஷனில் இல்லாத மூன்று பழைய பதில்களை அவருக்குச் சொன்னேன். அவை தெரிந்தால்தான் இன்று விற்கிற இரண்டும் புரியும்.

முதலாவது எக்ஸ்.25. தொலைபேசி நிறுவனங்கள் கூடி 1976-ல் வகுத்த தரம். பேச்சுக்கு முன் இரு முனைக்கும் நடுவே ஒரு கற்பனைச் சுற்று அமைத்துக்கொள்ள வேண்டும், பாக்கெட்டுகள் எல்லாம் அதே தடத்தில் வரிசை தப்பாமல் போகும். அதன் தனிக்குணம், வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் (பாக்கெட்டுகளை வாங்கி அடுத்தவருக்குக் கைமாற்றும் பெட்டி) காட்டிய அக்கறை. வந்த துண்டைச் சேமித்துக்கொள்ளும், பழுது உண்டா என்று சோதிக்கும், சரியென்றால் பின்னால் இருப்பவனுக்குத் தகவல் சொல்லும், முன்னால் இருப்பவன் ‘வந்தது’ என்று சொல்லும்வரை நகலைக் கீழே போடாது. செம்புக் கம்பியில் இரைச்சல் அதிகம், முனையில் இருந்ததோ யோசிக்கத் தெரியாத வெறும் டெர்மினல். அதனால் பொறுப்பு முழுவதையும் வலையமைப்பே ஏற்றது. பிரான்சில் தொலைபேசி வழியே தகவல் தந்த புகழ்பெற்ற மினிடெல் சேவை டிரான்ஸ்பாக் என்ற எக்ஸ்.25 வலையமைப்பின் மேல்தான் ஓடியது. 2012 ஜூன் 30-ல்தான் மினிடெல்லை மூடினார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை நடத்திய ஐ-நெட்டும் இதே வகை. அக்கறைக்கு விலை நேரம். வழக்கமான 128 பைட் பாக்கெட்டை 9.6 கேபிபிஎஸ் லைனில் இறக்கவே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கும். ஒவ்வொரு ஸ்விட்சிலும் அதே கதை. குரலை இதில் அனுப்புவதை மறந்துவிட வேண்டியதுதான்.

ஃபைபர் வந்தபின் பழுது வெகுவாகக் குறைந்தது. முனையிலும் டிசிபி தெரிந்த, அதாவது தொலைந்த துண்டைத் தாங்களே திரும்ப அனுப்பத் தெரிந்த, கணினிகள் வந்துவிட்டன. வழிநெடுக ஏன் சோதனைச்சாவடி என்று கேட்டது ஃபிரேம் ரிலே. 1990-ல் சிஸ்கோ, டிஇசி, நார்தர்ன் டெலிகாம், ஸ்ட்ராட்டாகாம் ஆகிய நான்கும் சேர்ந்து இதை முன்தள்ளின. பழுதான ஃபிரேம் (துண்டுக்கு இங்கே அந்தப் பெயர்) வந்தால் ஸ்விட்ச் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். திரும்பக் கேட்டு வாங்குவது முனைகளின் பாடு. பொறுப்பு வாடிக்கையாளர் பக்கம் நகர்ந்தது இங்கேதான்.

இதில் சிஐஆர் என்று ஒன்று உண்டு, நண்பரை நன்றாகக் கவனிக்கச் சொன்ன இடம் இது. லைன் 256 கேபிபிஎஸ் இருக்கலாம், ஆனால் கம்பெனி உறுதி கொடுப்பது 64-க்குத்தான் என்று ஒப்பந்தம் போடலாம். அந்த 64 தான் சிஐஆர். அதற்கு மேல் அனுப்பும் ஃபிரேம்கள் மீது ‘நெரிசல் வந்தால் இதை முதலில் கழி’ என்று ஒரு பிட் குறி விழும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறிய மாதிரி. இடம் இருந்தால் சௌகரியமாகப் போகலாம், டிடிஇ வந்தால் இறங்க வேண்டியதுதான். விலை குறைய வேண்டும் என்பதற்காக சிஐஆர் பூஜ்யம் என்றே விற்ற நாட்களும் உண்டு.

நண்பரின் மூன்றாவது கொட்டேஷனில் இருக்கிற ‘100 எம்பிபிஎஸ் வரை’ பிராட்பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதி என்று பார்த்தால் அது சிஐஆர் பூஜ்யமான ஃபிரேம் ரிலேதான். பெயர் மாறியிருக்கிறது, வேகம் பல நூறு மடங்கு ஏறியிருக்கிறது, வாக்குறுதி மட்டும் அங்கேயே நிற்கிறது. சாயங்காலம் தெருவே படம் பார்க்க உட்காரும்போது உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது பழைய பதில் ஏடிஎம். பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை. குரல், படம், தரவு எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டுகளாக, 53 பைட் செல்களாக வெட்டும் முறை. 5 பைட் தலைப்பு, 48 பைட் சரக்கு. அமெரிக்கத் தரப்பு 64 கேட்டது, ஐரோப்பியத் தரப்பு 32 கேட்டது, நடுவில் பிளந்து 48 ஆக்கினார்கள். பொறியியல் முடிவு சந்தைப் பேரம்போல முடிந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சின்னத் துண்டு எதற்கு? 64 கேபிபிஎஸ் லைனில் 1500 பைட் பாக்கெட் ஒன்று நுழைந்துவிட்டால் அது கடந்து முடிய 187 மில்லி விநாடி. அதன் பின்னால் மாட்டிய குரல் திக்கித்திணறும். செல்களாக வெட்டிவிட்டால் குரல் இடையில் புகுந்து போய்விடும். ஆனால் 53-ல் 5 பைட், கிட்டத்தட்ட நூற்றுக்கு 9.4, தலைப்புக்கே போனது. லைன்கள் வேகமானதும் வெட்டவேண்டிய காரணமே கரைந்தது. 1 ஜிபிபிஎஸ்ஸில் அதே 1500 பைட் 12 மைக்ரோ விநாடியில் போய்விடும், யாரும் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. பழைய பிஎஸ்என்எல் மோடத்தை அமைக்கும்போது விபிஐ 0, விசிஐ 35 என்று போட்டிருப்பீர்களே, அது ஏடிஎம்தான். வீட்டு மூலையில் கடைசிவரை ஒளிந்திருந்தது.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

எம்பிஎல்எஸ்ஸில் உங்கள் பாக்கெட் கம்பெனியின் முதல் ரவுட்டரைத் தொட்டதும் அதன் மேல் 4 பைட் அளவில் லேபிள் ஒட்டப்படும். லேபிள் எண்ணுக்கு 20 பிட், வகுப்புக்கு 3 பிட், அடுக்கின் முடிவைக் காட்ட ஒன்று, ஆயுளுக்கு 8. நடுவில் இருக்கிற ரவுட்டர்கள் ஐபி முகவரியைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. வந்த லேபிளைப் பார்த்து அடுத்த லேபிளை மாற்றி ஒட்டி அனுப்பும். லாரி ஆபீஸில் மூட்டைமேல் ‘தஞ்சை’ என்று மையில் எழுதியிருப்பதைப் பார்த்தே ஏற்றி இறக்குவார்கள், உள்ளே இருக்கிற பில்லை யாரும் படிப்பதில்லை. 1990-களில் இதைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம் வேகம். முகவரி தேடுவதைவிட லேபிள் தேடுவது சுலபம் என்றார்கள். 2001-ல் தரம் வெளியாவதற்குள் ரவுட்டர் சில்லுகள் அந்த வேலையைச் சும்மாவே செய்ய ஆரம்பித்துவிட்டன. ஆனாலும் எம்பிஎல்எஸ் பிழைத்தது, இரண்டு காரணத்தால்.

ஒன்று, விபிஎன், அதாவது பலரும் பகிரும் வலையமைப்புக்குள் உங்களுக்கென ஒரு தனி வலை. கம்பெனியின் ஓர ரவுட்டரில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வழிப்பட்டியல் இருக்கும். நண்பரின் கிளையும் பக்கத்து ஜவுளிக்கடையும் ஒரே 192.168.1 முகவரிகளை வைத்திருந்தாலும் மோதாது. இரண்டு லேபிள்கள் ஒட்டப்படும், வெளியே இருப்பது எந்த ஊர் ரவுட்டர் என்று சொல்லும், உள்ளே இருப்பது அந்த ரவுட்டரில் எந்த வாடிக்கையாளர் என்று சொல்லும். கிளைக்கு ஒரு லைன் போதும், எந்தக் கிளையும் எந்தக் கிளையோடும் நேராகப் பேசும். மேலே சொன்ன 66 கணக்கு காணாமல் போகிறது.

இரண்டாவது, வகுப்பு. அந்த 3 பிட்டில் ‘இது குரல்’ என்று எழுதினால், நெரிசலில் குரலுக்கு முதல் வழி. அதுவும் ஒப்பந்தத்தில் எழுதிய வழி. ஃபிரேம் ரிலேயின் சிஐஆர் கொஞ்சம் நாகரிகமாகத் திரும்பி வந்தது போல.

சரி, குறைகள். விற்க வருபவர் ‘பிரைவேட்’ என்று சொல்வார், கேட்பவர் ‘யாரும் படிக்க முடியாது’ என்று புரிந்துகொள்வார். எம்பிஎல்எஸ் எதையும் சங்கேதமாக்கிப் பூட்டுவதில்லை. லேபிள் பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான். அடகு வைத்தவர்களின் அடையாள விவரம் போகிற லைனில், ஐபிசெக்கோ (பாக்கெட்டையே பூட்டி அனுப்பும் முறை) மென்பொருளின் சொந்தப் பூட்டோ தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து, வாக்குறுதியின் எல்லை. கம்பெனியின் முதுகெலும்பு என்னவோ வலுவானதுதான். மன்னார்குடி எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளைக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் பொக்லைன் தோண்டினால் அந்த வலுவால் என்ன பயன்? 99.5 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள். 30 நாள் மாதத்துக்கு அது 3.6 மணி நேரம் அறுந்து கிடக்க அனுமதி. அந்த 3.6 மணியும் முகூர்த்த மாதத்தின் ஒரே காலையில் வந்தால் ஒப்பந்தப்படி தவறே இல்லை. புதுக் கிளை திறந்தால் லைன் வர வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

எஸ்டி-வான் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. நடுவில் இருப்பவன் எதுவும் உறுதி சொல்லமாட்டான் என்று முதலிலேயே ஏற்றுக்கொள்கிறது. கிளையில் இருக்கும் பெட்டி இரண்டு பிராட்பேண்டின் மேலும் திருச்சிக்கு ஐபிசெக் சுரங்கம் (பூட்டிய தனிப்பாதை) போடும். அதனால் பூட்டு கூடவே வந்துவிடுகிறது. பிறகு இரண்டு சுரங்கத்திலும் ஓயாமல் சின்னச் சின்னச் சோதனைப் பாக்கெட் அனுப்பி, தாமதம் எவ்வளவு, எத்தனை தொலைகிறது, இடைவெளி எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கும். குரலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள், இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் சட்டம் எழுதலாம். ஒரு லைன் அந்தக் கோட்டைத் தாண்டினால், அறுந்து போகாமல் வெறுமனே மோசமானால்கூட, குரலை மட்டும் அடுத்த லைனுக்கு மாற்றிவிடும். சில பெட்டிகள் முக்கியமான பாக்கெட்டை இரண்டு லைனிலும் ஒரே நேரத்தில் அனுப்பி, முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும்.

பொறுப்பு இப்போது முழுச் சுற்றுச் சுற்றி நம் கடைக்குள் வந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறதா? எக்ஸ்.25-ல் வழியில் இருந்த ஸ்விட்சுகள் சுமந்ததை இங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி சுமக்கிறது. காசு குறைவதற்குக் காரணமே அதுதான்.

அந்தப் பெட்டியைச் சுற்றி வரும் தொல்லைகள் விற்பனைத் தாளில் இருக்காது. எனக்கு அதிகத் தூக்கம் கெடுத்தது பாக்கெட் அளவு. ஈதர்நெட்டில் 1500 பைட் போகும். பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் போட்டு இணையும் முறை) வழி வரும் பிராட்பேண்டில் 1492. அதற்கு மேல் ஐபிசெக் உறை ஏறினால் சரக்குக்கு 1400 சொச்சம்தான் மிஞ்சும். இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், பிங் (இணைப்பு உண்டா என்று பார்க்கும் சிறு சோதனை) போகும், லாகின் ஆகும், பெரிய ரிப்போர்ட் திறக்கும்போது மட்டும் திரை உறைந்து நிற்கும். மென்பொருள்காரரை ஒரு வாரம் திட்டிவிட்டுத்தான் நான் ரவுட்டர் பக்கம் போனேன். டிசிபி துண்டின் அளவை 1360-க்குக் குறைத்து ஒரு வரி எழுதியதும் சரியானது. இன்னொன்று, பல பிராட்பேண்டுகளில் உங்களுக்கென்று பொது முகவரி கிடையாது, நூற்றுக்கணக்கான வீடுகளோடு பகிர்ந்துகொள்ளும் முகவரிதான். கிளையிலிருந்து திருச்சிக்குச் சுரங்கம் போடலாம், கிளைக்கும் கிளைக்கும் நேராகப் போடுவது எப்போதும் நடக்காது. திருச்சியிலாவது நிலையான முகவரி கட்டாயம்.

இனி நண்பரின் தேவையைக் கணக்குப் போட்டோம். குரலை எண்களாக்கும் பழைய ஜி.711 முறையில் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் 80 கேபிபிஎஸ். கிளையில் ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினாலும் கால் எம்பிபிஎஸ்தான். கணக்குப் பதிவு அதைவிட அற்பம். வில்லன் கேமரா. ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ், கிளைக்கு நான்கு, 11 கிளைக்கு 88 எம்பிபிஎஸ் இரவும் பகலும் திருச்சிக்குள் கொட்டும். கிளையிலேயே பதிவுசெய்து, வேண்டும்போது மட்டும் எட்டிப் பார்த்தால் போதும் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன். அதோடு ‘25 மடங்கு வேகம்’ என்ற வாதமும் அடங்கியது. 4 எம்பிபிஎஸ் அவருக்குத் தாராளம்.

அப்படியானால் எம்பிஎல்எஸ்ஸா? அவரிடம் பெரிய வலையமைப்பு ஆள் யாரும் இல்லை. ஒரே ஒரு சிஸ்டம் தம்பி இருக்கிறான், பிரிண்டர் டோனர் முதல் பயோமெட்ரிக் வரை அவன்தான். கிளைக்கு இரண்டு பிராட்பேண்ட் என்றால் 22 இணைப்பு, 22 பில், ஒவ்வொன்றுக்கும் ஒரு புகார் எண். அந்தத் தம்பியின் நாட்களையும் விலையில் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது கொட்டேஷன் அவ்வளவு மலிவாகத் தெரியவில்லை. எம்பிஎல்எஸ் மட்டும் வாங்கினால் ஒரே இடத்தில் புகார் சொல்லலாம், ஆனால் கிளைக்கு ஒற்றை லைன். டெல்டாவில் ஒற்றை லைனை நம்ப எனக்கு மனம் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களை எப்படிச் சாய்த்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் சொன்ன யோசனை கலப்பு. திருச்சியில் நிலையான முகவரியோடு, உறுதியான வேகத்தில், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைய லைன், கூடவே ஒரு எம்பிஎல்எஸ் முனை. வியாபாரம் அதிகம் நடக்கும் மூன்று கிளைகளுக்கு ஒரு எம்பிஎல்எஸ், ஒரு பிராட்பேண்ட். மீதி எட்டுக்கு ஒரு பிராட்பேண்ட், ஒரு 4ஜி சிம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரே வகை எஸ்டி-வான் பெட்டி, அதை நாமே பார்த்துக்கொள்ளாமல், கண்காணிப்பையும் புகாரைத் துரத்துவதையும் சேர்த்து ஒருவரிடமே ஒப்படைப்பது. அந்தச் சேவைக்குத் தனியாகக் காசு ஆகும். ஆனால் தொலைந்த பாக்கெட்டுக்கு ஒரு பெயரும் போன் நம்பரும் கிடைத்துவிடும். வேறு நிறுவனமாக இருந்து, உள்ளேயே நாலு பேர் கொண்ட ஐடி பிரிவு இருந்தால், எம்பிஎல்எஸ்ஸை அறவே விட்டுவிடச் சொல்லியிருப்பேன். கணக்கு மென்பொருள் கிளவுடுக்குப் போகும் நாளில் அந்த மூன்றும்கூடத் தேவைப்படாது, எல்லாப் போக்குவரத்தையும் திருச்சிக்கு இழுத்துவந்து வெளியே விடுவதில் அர்த்தமில்லை.

கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். பெட்டியின் சந்தா முடிந்தால் சுரங்கம் ஓடுமா நிற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு எம்பிஎல்எஸ் போடப்போகும் கிளைகளுக்கு நேரில் போய், இரண்டு கேபிளும் எந்த வழியாகக் கட்டிடத்துக்குள் வரும் என்று கேட்டுப் பாருங்கள்.

நாலு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கும்பகோணம் கிளைக்கு எதிரே டீக்கடை, அதையொட்டி ஒரு மின்கம்பம். எம்பிஎல்எஸ் கம்பெனியின் கேபிளும் பிராட்பேண்ட்காரரின் கேபிளும் அதே கம்பத்தில், ஒரே கொக்கியில், பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கும்பகோணத்துக்கும் சிம் கார்டே போட்டுவிடச் சொல்லிவிட்டாராம்.